நாலாம் வரிசை இரும்பு

12-1-1983
மாமியார் இன்றும் முறத்தைக் கேட்டாள். தரவில்லை. பக்கத்து வீட்டு கெங்கம்மாளிடம் இரவல் வாங்கிப் புடைத்துக்கொண்டே, "நல்லா இருக்குற மொறத்துல குச்சியக் குத்தி வெச்சிட்டுப் போய்ட்டான், இவ அதக் கட்டிக்கினு கெடக்குறா" என்று ஊருக்கே கேட்கச் சொன்னாள். சொல்லட்டும்.

போன வாரம் லீவு முடிந்து கிளம்பும் முன் அவர் செய்தது அது. காஷ்மீர் மலையில் அப்படி என்னதான் வேலை என்று கேட்டேன். முறத்தில் சாமையைப் பரப்பிச் சாய்த்தார். மொத்தமும் சரசரவென்று என் மடியில் விழுந்தது. "பனி இப்டித்தான் எறங்கும். ரோட்டுல பஸ்ஸு, ஆளு, அல்லாத்தையும் மூடிடும்." பிறகு துடைப்பக் குச்சிகளை ஒடித்து, முறத்தின் மேல்பக்கம் வரிசையாகக் குத்தினார். மறுபடி பரப்பிச் சாய்த்தார். சாமை நின்றது. "இதான் எங்க இரும்பு வேலி. எறங்குனப்புறம் ஆரும் தடுக்க முடியாது மங்கம்மா. மேல, பொறப்படுற எடத்துலயே புடிச்சி நிறுத்தணும்."

நாலு வரிசை வேண்டுமாம். மூன்றுதான் முடிந்திருக்கிறது. ஓரத்துச் சரிவில் அடிக்க வேண்டிய நாலாவதற்கு இரும்பு இன்னும் வந்து சேரவில்லை. முறத்திலும் அந்த ஓரத்தைக் காலியாகவே விட்டார். அங்கிருந்த சாமை மட்டும் விழுந்தது.

இந்த டைரியும் அவர் திருப்பத்தூரில் வாங்கியது. எட்டாவது வரை படித்தது இதற்காவது ஆகட்டும்.

17-1
பொங்கலுக்கு இருங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். பனிக்காலத்தில் ரோட்டை மூடவிடக் கூடாதாம். காணும் பொங்கலுக்கு நான் யாரையும் காணப் போகவில்லை.

8-2
புளி உலுக்கினோம். தோள் வலி. ஜமுனாமரத்தூர் சந்தையில் அவருக்கு ஒரு கம்பளிக் குல்லா பார்த்து வைத்திருக்கிறேன்.

19-2
தங்கவேல் வந்தான். படவேட்டுப் பையன், அவரோடு ஒரே கேங்கில் வேலை. தனியாக வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். அப்போதே தெரிந்துவிட்டது.

எழுத முடியவில்லை.

20-2
ரோட்டில் பனியை அள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மேலேயிருந்து இறங்கிவிட்டது. "வேலி போட்ட எடம் அப்டியே நின்னுச்சு அண்ணி. நான் அதுக்குக் கீழ இருந்தேன். அண்ணன் ஓரத்துல." எந்த ஓரம் என்று நான் கேட்கவில்லை.

நீளக் கம்பியால் குத்திக் குத்தித் தேடினார்களாம். கிடைக்கவில்லை. பனி உருகினால்தான் தெரியுமாம்.

இவன் மட்டும் எப்படித் தப்பினான்? படுபாவி, அவரையும் கையப் புடிச்சி இழுத்திருக்கக் கூடாதா? — அவன் என்ன செய்வான், பாவம். ஆனாலும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை நான்.

27-2
கிடைக்காத ஆளைச் செத்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது? வேலி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாதா? அவர் அடித்த வேலிதானே? ஓடிப்போய் அதன் கீழ் ஒதுங்கியிருந்தால்?

11-3
ஊர்க்கவுண்டர் வந்தார். வைக்கோலில் ஆள் போலக் கட்டி எரித்து, காரியத்தை முடித்துவிடலாம் என்றார். "ஒனக்கும் வயசு கெடக்குது. நம்ம மலையில ரெண்டாங் கல்யாணம் இன்னா புதுசா? எத்தினி நாளு இப்டியே குந்திக்கினு இருப்ப?" நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

"பனி உருகட்டுங்க. அது வரைக்கும் என் தாலியில ஆரும் கை வெக்கக் கூடாது" என்றேன்.

மாமியார் எழுந்து வந்து என்னோடு நின்றுகொண்டாள். முதல் தடவையாக என் பக்கம்.

2-4
பாறையைத் தொட்டால் சுடுகிறது. அங்கே வெயிலே அடிக்காதா?

25-4
மாமியார் களி கிண்டி முன்னால் வைத்தாள். "துன்னு. அவன் வந்தா ஒன் எலும்பத்தான் பாப்பான்." வந்தால் என்றாள்! இரண்டு பேரும் சேர்ந்து பைத்தியமாகிக்கொண்டிருக்கிறோம்.

9-5
வேண்டாம். உருகவே வேண்டாம். அப்படியே கிடக்கட்டும்.

2-7
தங்கவேல். கையில் துணி சுற்றிய கலயம். இந்தத் தடவை செருப்பைக் கழற்றினான்.

ரோட்டுக்குக் கீழே ஓடையில் கிடந்தாராம். வேலிக்கும் அதற்கும் வெகு தூரம். அங்கேயே எரித்துவிட்டார்கள். "மொகம் அப்டியே இருந்துச்சு அண்ணி, தூங்குறாப்ல."

ஒன்றே ஒன்று கேட்டேன். "இரும்பு வந்துச்சா?"

"சித்திரையில வந்துச்சு அண்ணி. நாலாவது வரிசையும் அடிச்சிட்டோம். இனிமே அங்கேர்ந்து எறங்காது."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. மாமியார் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்ட பிறகுதான், அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

தங்கவேலுக்குத் தண்ணீர் கொடுத்தேன். சொம்பு நிறைய.

4-7
நாளைக்குக் காரியம். படையலுக்குச் சாமைச் சோறு ஆக்க வேண்டும். கெங்கம்மாள் தன் முறத்தைக் கொண்டுவந்தாள். வேண்டாம், எங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்றேன்.

குச்சிகளை உருவினேன். முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது. ஓரத்தில் உருவ ஒன்றுமில்லை. மாமியார் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குச்சி இருந்த ஓட்டைகளில் சாமை கொஞ்சம் சிந்துகிறது. கீழே துணியை விரித்துக்கொண்டு, படையலுக்கு வேண்டியதைப் புடைத்துவிட்டேன்.