வன்லோப் மாமாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனது

அன்பு மகள் பிராங்குக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் ஊரில் சளி காய்ச்சல் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே பாங்காக்கில் மழை விட்டபாடில்லை, நம் சந்து முனையில் முழங்கால் வரை தண்ணீர், அதில் அப்பா ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நீ அனுப்பிய கம்பளிக் காலுறையை இந்தப் புழுக்கத்திலும் மாட்டிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போய், மகள் ஸ்டாக்ஹோமிலிருந்து அனுப்பினாள் என்று எல்லோருக்கும் காலைத் தூக்கிக் காட்டுகிறார்.

மாமா ஏன் போனை எடுப்பதில்லை என்று நீ மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்று கேலி செய்வார், அதனால்தான் எழுதுகிறேன். உன் வன்லோப் மாமா ஓட்டிய வண்டியில் ஒரு பெண் இறந்துபோனது உனக்குத் தெரியும். சுதாரத் என்று பெயர், ஏறக்குறைய உன் வயதுதான். அலுவலகம் விட்டு ஆற்றுப் படகுத்துறைக்குப் போக மாமாவின் வாடகை பைக்கில் ஏறினாள், படகில் அக்கரை போனால் அவள் வீடு. பாதி வழியில் பேருந்து இடித்தது. சிவப்பு விளக்கைத் தாண்டி வந்தது பேருந்துதான், போலீசும் அதைத்தான் சொன்னார்கள். மாமாவுக்குத் தோளில் ஒரு சிராய்ப்பு, அவள் அங்கேயே போய்விட்டாள். அதன் பிறகு மாமா வண்டியைத் தொடவில்லை. சவாரிக்குப் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சு நிற மேல்சட்டையை ஆணியில் மாட்டியதுதான். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போவான். அவளுடைய தகனத்தன்று வெளியே வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டான், உள்ளே போகக் கால் வரவில்லையாம். ஸ்டாண்டில் அவனோடு ஓட்டும் பையன்கள் வந்து, "அண்ணே, உங்க வண்டியில கோழி முட்டை போட்டிருச்சு, வந்து பாருங்க" என்றெல்லாம் சிரிக்க வைத்துப் பார்த்தார்கள். அவன் அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணெதிரே ஒருத்தன் கரைந்துகொண்டே போனால் கூடப் பிறந்தவள் என்ன செய்வேன்?

ரயில் நிலையத்துக்குப் பின்னால், இரண்டு பெரிய கடைக் கட்டிடங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பழைய கோயிலுக்குச் சின்ன வயதில் உன்னைக் கூட்டிப் போயிருக்கிறேன். அங்கே சவப்பெட்டியில் படுத்து எழுந்திருக்கும் சடங்கு செய்கிறார்கள். பழைய உயிர் கெட்ட காலத்தோடு அங்கேயே இறந்து, புது ஆளாக எழுந்து வருவதாக நம்பிக்கை. அப்பா கேட்டுவிட்டு, "பெட்டியில படுக்க அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம அலமாரியைப் படுக்கப் போட்டு நானே மந்திரம் சொல்றேனே" என்றார். அவர் கிடக்கிறார். வண்டிக்கும் தீர்த்தம் தெளிக்க வேண்டும் என்று நான் சொன்னதால் மாமா பைக்கை எடுத்தான், ஆனால் ஏறி உட்காரவில்லை. அத்தனை வாகன நெரிசலில், பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்க, கோயில் வரை கையாலேயே தள்ளிக்கொண்டு வந்தான். நான் கூடவே நடந்தேன்.

மண்டபத்தில் மூன்று பெட்டிகள் வரிசையாக இருந்தன. தனியாகப் படுக்க மாட்டேன் என்றான், அதனால் நடுப்பெட்டியில் அவன், இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கத்துப் பெட்டி காலி, அதன் மேல் போர்த்தும் வெள்ளைத் துணி மடித்து ஓரத்தில் வைத்திருந்தது, நான் நன்றாகப் பார்த்தேன். கையில் பூவும் மெழுகுவர்த்தியும் கொடுத்துப் படுக்கச் சொன்னார்கள். துணியை முகத்துக்கு மேல் இழுத்ததும் வெளியே ஓடிக்கொண்டிருந்த ரயில் சத்தம், கடைப் பாட்டு எல்லாம் சட்டென்று நின்றுபோயின. பிக்கு ஓதுவதும் எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது. அப்போது மாமாவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், "மெதுவாவே போங்கண்ணே, அவசரமில்ல" என்றது. மாமா, "சரிம்மா" என்றான். எனக்கு அப்போது பயமே தோன்றவில்லை, யாரோ தாமதமாக வந்து படுத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு துணியை எடுத்து, எங்களைத் தலைமாற்றிப் படுக்க வைத்து, உயிரோடிருப்பவர்களுக்கான மந்திரம் சொல்லி எழுப்பினார்கள்.

சடங்கு முடிந்தால் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட வேண்டும். படிவரை வந்தவன் திரும்பிப் பார்த்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தில், "அறிவிருக்காடா உனக்கு, எல்லாம் வீணாப் போச்சு" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் குழந்தை மாதிரி என்னைப் பார்த்து, "அக்கா, அவ இன்னும் உள்ள படுத்திருக்கா. அவ மேல இருந்த துணிய யாரும் எடுக்கல" என்றான். நானும் திரும்பிப் பார்த்தேன், பிராங். காலிப் பெட்டியின் மேல் அந்தத் துணி விரித்துப் போர்த்தியிருந்தது.

பெரிய பிக்கு, "யாருப்பா இதை மூடினது?" என்று மாமாவைக் கேட்டார். "நான் இல்ல சாமி, ஆனா நான்தான் எடுக்கணும்" என்றான். அவர் சிரிக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. உட்கார்ந்து, எங்களுக்கு ஓதியதை முதலிலிருந்து மறுபடி ஓதினார். மாமா கால் பக்கமிருந்து துணியை மெல்ல மெல்ல இழுத்தான், தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்று நினைப்பவன்போல. உள்ளே யாரும் இல்லை. தலையணை மட்டும் நடுவில் அழுந்தியிருந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பிச் சரியானது. பிக்கு, "கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் மாமா பைக்கில் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். இத்தனை நாளுக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் ஏறலாம் என்று காலைத் தூக்கினேன். "அக்கா, நீ ரயில்ல போ, பின்னாடி இடமில்ல" என்றான். குரலில் கோபமோ பைத்தியமோ எதுவும் இல்லை, ஸ்டாண்டில் அடுத்த ஆளிடம் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னான். நான் ரயிலுக்குப் போகும் மேம்பாலத்தில் ஏறி நின்று கீழே பார்த்தேன். சிக்னலில் பைக்குகள் எல்லாம் முன்னால் வந்து முண்டிக்கொண்டு நின்றன. நடுவில் அவன். பின்னால் இருப்பவர் பேசினால் காதைச் சாய்த்துக் கேட்பார்களே, அப்படித் தலையைச் சாய்த்திருந்தான். தலையாட்டினான். ஏதோ பதில் சொன்னான். பச்சை விழுந்ததும் மற்றவர்கள் பறந்தார்கள், இவன் மட்டும் இடதுபுறமாக, பள்ளம் பார்த்துப் பார்த்து, ஆற்றுப் பக்கம் போனான்.

இருட்டும் நேரத்துக்குத்தான் வீடு வந்தான். கேட்காமலே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். துளசி போட்டு வறுத்த கோழியும் முட்டையும் வைத்தேன், இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டான். அப்பா தன் முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தார். எங்கேடா போயிருந்தாய் என்று மட்டும் கேட்டேன். "படகுத்துறைக்கு" என்றான். "கூட்டமா இருந்துச்சுக்கா. உட்கார இடம் கிடைக்கிற படகா வர்ற வரைக்கும் நின்னு, அவளை ஏத்தி விட்டுட்டுத்தான் வந்தேன்."

இப்போது வேலைக்குப் போகிறான், நீ கூப்பிட்டால் எடுப்பான். இதைப் பற்றி மட்டும் கேட்காதே. ராத்திரி வேலை முடிந்து வரும்போது தனியாக வராதே, வீட்டுக்குள் போனதும் யாருக்காவது ஒரு வார்த்தை சொல்லிவிடு, எந்த நேரமானாலும் எனக்கே சொல். புத்தர், தர்மம், சங்கம் என்ற மும்மணிகள் உன்னைக் காக்கட்டும், நினைத்தது நடக்கட்டும், போன இடமெல்லாம் நல்லபடியாகப் போய்ச் சேர்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா லமை