வால்வுக்கு ஏது கேரண்டி

அன்பு மகள் குட்டிமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அதிலும் நான் கொஞ்சம் கூடுதலாகவே சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி என்று எழுது. முதலில் உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன், போகவே கூடாது என்று போனில் அழுதாயே, அந்த எம்ஆர்ஐ ஸ்கேனைச் செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டேன். முழுசாகப் போய் முழுசாக வந்துவிட்டேன், இதய வால்வு வைத்த இடத்திலேயே இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் பாய்வாய், கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார்.

வலது கை மரத்துப்போவது உனக்குத் தெரியும், எந்த அளவுக்கு என்று தெரியாது. போன மாதம் கடைக்கு வந்தவர் கால்மேலேயே பித்தளைக் குழாயை நழுவவிட்டேன், பிடித்திருப்பதாகத்தான் நினைத்தேன், விரலுக்குத் தெரியவில்லை. கோளாறு கழுத்திலா மூளையிலா என்று ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும், இப்படியே விட்டால் கை தேறாமலே போகலாம் என்று நரம்பு டாக்டர் சொல்லிவிட்டார். பழைய உலோகம் வாங்கி விற்கிறவளுக்குக் கை போனால் கடையே போன மாதிரி. நீயோ அந்த ஸ்கேன் மெஷின் பெரிய காந்தம், நெஞ்சிலிருந்து வால்வைப் பிடுங்கிவிடும் என்கிறாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, இரும்பா எவர்சில்வரா என்று பார்க்கக் கடையில் வைத்திருக்கும் காந்தத்தை, கதவைச் சாத்திக்கொண்டு நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. சரக்கு சுத்தம் என்று முடிவுகட்டி அப்பாவையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஸ்கேன் அறை வாசலில் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், காகிதமும் பேனாவுமாகத் துளைத்தெடுத்தாள். உடம்பில் ஆபரேஷன் செய்து வைத்தது ஏதாவது உண்டா என்றாள். ஆறு வருஷத்துக்கு முன் வைத்த வால்வு உண்டு, என் கடைக் காந்தம் வைத்து நானே பார்த்துவிட்டேன், ஒட்டாத சரக்கு என்றேன். பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். உங்க கடைக் காந்தம் ஆணியைத் தூக்கும், இது ஆக்சிஜன் சிலிண்டரையே தூக்கி இழுத்துக்கும், ரெண்டும் ஒண்ணாம்மா என்று கேட்டாள். பிறகு அவளே, வால்வு வச்ச பெரும்பாலானவங்களுக்கு இதை எடுக்கலாம், இதயம் துடிக்கிறப்போ வால்வுமேல விழுற அழுத்தத்துக்கு முன்னால இந்த இழுப்பு ஒண்ணுமில்லை, ஆனா உங்க வாய் வார்த்தைக்கு விடமாட்டேன், எந்தக் கம்பெனி, எந்த மாடல், எவ்வளவு பலமான மெஷின் வரைக்கும் சரின்னு பார்த்துத்தான் விடுவேன், வால்வு அட்டை எங்கே என்றாள்.

அட்டை என்றதும் நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். ஆபரேஷன் முடிந்து கொடுத்த அட்டையை நான் கடையின் கேரண்டி ஃபைலில், எடை மெஷின் அட்டைக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தேன். வருஷா வருஷம் அந்த ஃபைலைச் சுத்தம் செய்கிறவர் இவராயிற்றே, தேதியைப் பார்த்திருக்கிறார், அஞ்சு வருஷம் தாண்டியாச்சு, கேரண்டி முடிஞ்சுபோச்சு என்று கிழித்துப் போட்டுவிட்டார். அப்போ அம்மாவையும் கழிச்சுக் கட்டிட்டீங்களா சார் என்று அவள் கேட்டாள் பார், பக்கத்தில் கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருந்தவர்கூட விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம், வந்தது சிரிப்புத்தான், செருகியது நான்தானே. முப்பது வருஷமாகப் பேரம் பேசுகிறவள் நான், அட்டை இல்லாமலே விடச் சொல்லி என் வித்தை எல்லாம் காட்டிப் பார்த்தேன், அவள் அசையவில்லை. அப்படி ஒருத்தி கிடைத்தால் கடைச் சாவியைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன்.

வால்வு வைத்த ஆஸ்பத்திரிக்கு அப்பாவையே அனுப்பினேன், கிழித்தவர்தானே தேட வேண்டும். பழைய ஃபைல்கள் இருக்கும் அறையின் குமாஸ்தா மூன்று நாள் அலையவிட்டு, ஆபரேஷன் குறிப்பில் ஒட்டியிருந்த வால்வு ஸ்டிக்கரைக் கண்டுபிடித்து, புது அட்டையும் போட்டுக் கொடுத்தார். ஸ்கேன் டாக்டர் அதைச் சரிபார்த்து, இந்த மெஷினுக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டார். மோதிரம், கொண்டை ஊசி எல்லாம் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம், தகரம் தட்டுகிறவர்கள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கூலி உயர்வு கேட்ட மாதிரி. ஆடாமல் படு என்றால் எனக்கு அவள் கேட்ட ‘கழிச்சுக் கட்டிட்டீங்களா’ ஞாபகம் வந்து உடம்பே குலுங்குகிறது, மைக்கில் அந்தப் பெண், சிரிக்காதீங்கம்மா, படம் கலங்குது என்கிறாள்.

மூளையில் ஒன்றுமில்லை. கழுத்தில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, கத்தி வேண்டாம், பயிற்சி செய்தால் சரியாகும், கனம் மட்டும் தூக்கக் கூடாது என்றார் நரம்பு டாக்டர். இப்போது மூட்டை தூக்குவது அப்பா, உட்கார்ந்து அதட்டுவது நான், இந்த ஏற்பாடு இத்தனை வருஷம் ஏன் தோன்றவில்லை என்றுதான் வருத்தம். உன் அழுகைக்காக ரெண்டு வாரம் தள்ளிப்போட்டேன் குட்டிமா, அந்த ரெண்டு வாரத்தில் விரல் இன்னும் மோசமானது. பழி சொல்லவில்லை, சொல்லாமல் விடவும் மனசில்லை. பயப்படு, ஆனால் போகாதே என்பதற்கு முன்னால் தெரிந்தவர்களைக் கேட்டுவிட்டுச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை ரொம்ப விரட்டாதே.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக நெடுநாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. புது அட்டையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், உன் கைப்பையிலேயே இருக்கட்டும். என்றைக்காவது நான் வாய் திறக்க முடியாமல் படுத்திருக்கும்போது, இவங்க உடம்புல என்ன இருக்கு என்று யாராவது கேட்டால், அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நிற்பார். பதில் நீதான் சொல்ல வேண்டும், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும்.

இப்படிக்கு,
உன்னை நம்பியிருக்கும்
அம்மா