குண்டனின் எடை

மார்ச் 3

மூன்று பேர் மீது கோபம். நேரில் சொல்லத் தைரியமில்லை. வரிசையாக எழுதவாவது செய்யலாம்.
1. மருந்தே இல்லை என்ற பழைய டாக்டர்.
2. மச்சானின் வாய்.
3. வாராவாரம் எடை பார்க்க வரச் சொல்லும் புது டாக்டரம்மா.

முதலாவது. பூனைக்குட்டியின் வயிறு உப்பியது. தின்று பெருத்தான் என்று குண்டன் எனப் பெயர் வைத்தோம். உள்ளே இருந்தது நீர். பூனைகளுக்கு வரும் கொரோனா, உடம்புக்குள் குணம் மாறிப் பூனையையே கொல்லுமாம். பழைய டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல், ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார். நானும் தலையாட்டினேன். என் மனைவிதான் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

வைரஸை அடக்கும் மாத்திரை இருக்கிறது; பன்னிரண்டு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். புது டாக்டரம்மா அலமாரியிலிருந்து சாதாரணமாக எடுத்துத் தருகிறார். அந்த மனிதருக்குத் தெரியாதென்றால், தெரியாது என்று சொல்ல வாய் வராதா?

மார்ச் 9

வயிறு வற்றிவிட்டது. சாப்பிடுகிறான்.

மச்சான் வந்தார். "என்ன அத்தான், பூனைக்கு வேளாவேளைக்கு மாத்திரையா? எனக்குச் சளி பிடிச்சா இந்த வீட்ல வெந்நீர்கூட வராதே."

"அவன் துப்பாம முழுங்குறான். நீ துப்புவே," என்றாள் அவர் அக்கா, என் மனைவி.

நான் சிரித்துவைத்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 17

மூன்றாவது. தினமும் நானே மீன் துண்டுக்குள் வைத்துக் கொடுக்கிறேன், ஒருநாளும் தவறியதில்லை. அப்புறம் எடை எதற்கு? "பாத்தாதானே தெரியும்," என்கிறார். என்ன தெரியும்? நான் ஒழுங்காகக் கொடுக்கிறேனா என்பதா? இந்த வயதில் எனக்கு வேவு!

போகவில்லை. இனியும் போவதில்லை.

ஏப்ரல் 2

பெயருக்கேற்ற உடம்பு வந்துவிட்டது.

ஏப்ரல் 14

பின்கால்கள் இழுக்கின்றன. ஜன்னல் திட்டுக்குத் தாவி விழுந்தான். உடம்பு கொதிக்கிறது. மாத்திரையும் ஏமாற்றுதானா? யாரைத்தான் நம்புவது?

கூடையை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 15

டாக்டரம்மா திட்டவில்லை. குண்டனை எடை மேடையில் வைத்தார். "ஒன்றரை மடங்கு ஆயிட்டானே. மாத்திரை?"

"அதே அளவுதாங்க. கடுகளவும் மாத்தல," என்றேன் பெருமையாக.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எடைக்குத்தான் சார் மருந்து. அவன் வளர வளர அதையும் கூட்டணும். அதுக்குத்தான் வரச் சொன்னேன்."

அளவைக் கூட்டியிருக்கிறார். பன்னிரண்டு வாரக் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. பிழைப்பானா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

மே 6

இன்று ஜன்னல் திட்டில் ஏறிவிட்டான். இரண்டாம் முயற்சியில்.

நாளை எடை நாள். கூடையைத் துடைத்துத் திறந்து வைத்தேன். உள்ளே போய்ப் படுத்திருக்கிறான்.

முதல் இரண்டு கோபமும் அப்படியேதான் இருக்கின்றன. மூன்றாவது தவறு.