ஒடித்த எர்த் பின்

ஐப்பசி 9, ஞாயிறு. தூறல்.

எங்கள் பாடகி செல்விக்கு ஷாக் அடித்ததற்குக் காரணம் பாட்டுக் குழுத் தலைவர் பரமசிவம் அண்ணன். ஸ்பீக்கரில் இரைச்சல் வருகிறதென்று சவுண்ட் மிக்சரின் பிளக்கில், கசியும் கரண்டைத் தரைக்கு இறக்கும் எர்த் பின்னை பிளையரால் ஒடித்துப் போட்டவர் அவர்தான். இந்தப் பக்கம் பாதிக் குழுக்கள் செய்கிற காரியம். கேட்டால் அனுபவமாம்.

நேற்று வடமதுரை, கோயில் மேடை. பாடுகிறவர்கள் செருப்பு போடக்கூடாது. மழையில் நனைந்த சிமெண்டுத் தரை. மைக் உதட்டில் பட்டதும் செல்வி அலறிக் கீழே போட்டாள். நான் கீபோர்டில் அடுத்த வரியும் வாசித்துவிட்டேன். உறுத்துகிறது.

அண்ணன் சொன்னது: "வேர்வைக் கை. அம்புட்டுத்தான்." அவர் மேடைக்குக் கீழே, மிக்சர் பக்கத்தில், ரப்பர் செருப்போடு.

ஐப்பசி 11, செவ்வாய். வெயில்.

ரிகர்சல். செல்வி உதட்டில் கொப்புளம். மைக்கைத் தொடமாட்டேன் என்றாள்.

"அப்ப பாலசமுத்திரம் புரோகிராமுக்கு வேற பிள்ளையப் பாத்துக்கிறேன்." அண்ணன், டீ குடித்துக்கொண்டே. எட்டு வருஷமாகப் பாடுகிறவளிடம்.

கீபோர்டு ஸ்டாண்டுக்கு ஒரு போல்ட் வாங்கணும். மறந்தேன்.

ஐப்பசி 12, புதன். புழுக்கம்.

மிக்சரையும் கீபோர்டையும் ஆட்டோவில் போட்டு நாகல் நகர் ஜெனிட்டா அக்கா கடைக்கு. சவுண்ட் சர்வீஸ். தனியாளாக நடத்துகிறாள். பிளக்கைத் திருப்பிப் பார்த்தாள்.

"இத ஒடிச்ச கையச் செத்த நேரம் பாக்கணுமே."

மிக்சரைப் பிரித்தாள். உள்ளே தோல் உரிந்த ஒயர் மிக்சரின் தகரப் பெட்டியில் உரசிக்கொண்டிருந்தது. அந்தக் கரண்டுதான் மைக் வரைக்கும் வந்திருக்கிறது. ஒயரை மாற்றி, மூன்று பின் பிளக் போட்டாள். கீபோர்டை மாட்டியதும் பழைய இரைச்சல். அக்கா அசரவில்லை. கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவே, இரைச்சலை மட்டும் தடுக்கிற கையளவு பெட்டி ஒன்றை மாட்டினாள். இரைச்சல் நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம். இதற்காகவா ஒருத்தி உதடு வெந்தது?

அக்கா சொன்னவை, மறக்கக்கூடாது:
– எல்லாப் பெட்டிக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட். அதில் எர்த் இருக்கிறதா, முதலில் சோதி.
– மைக் செருகும்போதும் பிடுங்கும்போதும் வால்யூம் அடியில்.
– மைக்கை முதலில் மீட்டர் தொடணும், அப்புறம்தான் ஆள்.

"போர்டுலயே எர்த் இல்லாட்டிக்கா?"

"வாசிக்காத. வண்டியத் திருப்பு."

இப்படிப் பேச இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தைரியம்?

ஐப்பசி 14, வெள்ளி. மேகமூட்டம்.

அக்காவே ரிகர்சலுக்கு வந்தாள். மீட்டர் வைத்துப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே முதலில் மைக்கை உதட்டில் வைத்து, "ஒண்ணு, ரெண்டு." நீட்டினாள். "இந்தா தாயி, இப்பப் புடி."

செல்வி மைக்கை வாங்கினாள். இரண்டாவது சரணத்தில்தான் உதட்டருகே கொண்டுவந்தாள். நன்றாகப் பாடினாள். எப்போதையும் விட.

அண்ணன் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் புதுப் பிள்ளைக்குச் சொல்லிட்டனே" என்றார்.

செல்வி மைக்கைக் கீழே வைத்தாள்.

நான் எழுந்து சொன்னேன்: "பாலசமுத்திரத்துல செல்விதான் பாடணும். பின்னை ஒடிச்சது நீங்கதான்னு இப்பவே அவகிட்டச் சொல்லுங்கண்ணே."

அண்ணன் அவள் பக்கம் திரும்பாமல் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.