பெரியப்பா கீறிய கோடு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே உன் பிள்ளை சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு நின்றால்தான் அந்தச் சொல் இந்த வீட்டில் முழுதாகும். இதைக் கையால் எழுதிப் படமெடுத்து இப்போதே உன் போனுக்கு அனுப்புகிறேன். பேசலாமென்றால் அம்மா நடுவில் போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், பாதி விஷயம் நின்றுவிடுகிறது.

நேற்று நீ, "உப்புப் பவுடரைக் கொஞ்சம் கெட்டியா கரைச்சா சீக்கிரம் கேக்கும்லப்பா, ரெண்டு வாய்க்கு மேல குடிக்க மாட்டேங்கறான்" என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அப்படியே உன் பெரியப்பா பேச்சு. இதே வயதில் உனக்கும் இப்படி வந்தது. நான் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலையில் இருந்தேன், அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள், உன்னைப் பார்த்துக்கொண்டது அவர்தான். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற மனிதர் பிள்ளைக்கும் அதே கணக்கைப் போட்டார். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். உப்புப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்து, "தண்ணி தூக்கலா இருந்தா பிடிக்காதுடா, கெட்டியா விட்டா ஒரே பூச்சுல நிக்கும்" என்று பின்னால் என்னிடமே சொன்னார். நீ தாகத்தில் அதைக் குடித்தாய், குடிக்கக் குடிக்கத் தாகம் கூடி அழுதாய்.

உன் ரத்தம் என் மேஜைக்கே வந்தது. அப்போது எங்களிடம் இருந்தது ரத்தத்தின் உப்பைச் சுடர் வைத்துப் பார்க்கும் பழைய கருவி. மாதிரியை உறிஞ்சியதும் நீலச் சுடர் சோடியத்தால் மஞ்சளாகும். அந்த அறையின் கேஸ் வாடை, சுடரின் சீறல், ஜன்னலோரம் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் குழாய்கள், எல்லாம் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. இப்போது ஒரு பெட்டி எண்களைத் துப்புகிறது, அதற்கும் என்னை விட்டுவிட்டு நேற்று வந்தவனைப் பொறுப்பாக்கினார்கள், அதை நான் மறக்கவில்லை. உன் மாதிரியை வைத்தபோது முள் போகக்கூடாத இடத்துக்குப் போனது. கருவிதான் கெட்டுவிட்டதென்று மறுபடி வைத்தேன். மறுபடியும் அங்கேயே. சோடியம் ஏறிக் கிடந்தது, பொட்டாசியம் இறங்கிக் கிடந்தது. ஏறிய உப்பை அவசரமாக இறக்கினாலும் மூளைக்கு ஆபத்து என்று டாக்டரம்மா மெல்ல மெல்லத்தான் உன்னை மீட்டார். கண் விழித்ததும் நீ தேடியது பெரியப்பாவை, என்னை அல்ல. அதையும் நான் மறக்கவில்லை.

ஆகவே பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவே ஊற்று, கூட்டாதே, குறைக்காதே. டம்ளரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு, வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் விட்டு இன்னும் மெதுவாகக் கொடு. பாலை நிறுத்தாதே, ஜூஸும் சோடாவும் வேண்டாம், கரைத்த உப்புத் தண்ணீரில் மீந்ததை மறுநாள் கொட்டிவிடு. கண் குழிந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

நீ வீடு திரும்பியதும் பெரியப்பா ஒரு எவர்சில்வர் ஜக்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே ஆணியால் கீறிய ஒரு கோடு, அதுவரை ஊற்றினால் ஒரு லிட்டராம். பெயின்ட் கலக்குகிறவர் கோட்டை யார் நம்புவது என்று பரணில் போட்டேன், அவரோடு பேச்சும் அதோடு போயிற்று. "இன்னும் எத்தனை காலம்தான் அந்த மனுஷனைக் கரிச்சுக் கொட்டுவீங்க" என்று அம்மா கேட்காத நாளில்லை. அவர் உனக்கு போன் செய்வதும் நீ என்னிடம் மறைப்பதும் எனக்குத் தெரியும். சின்னவனுக்கு முடியவில்லை என்று கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லையாம், அம்மா சொன்னாள்.

இன்று காலை அந்த ஜக்கை இறக்கிக் கழுவி, என்னிடமிருக்கும் அளவுக் குழாயால் ஒரு லிட்டர் அளந்து ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் அந்தக் கோட்டில் வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் அடுத்த வாரம் அங்கே வருகிறாள், கொடுத்தனுப்புகிறேன். சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு நின்றதும் எனக்கு ஒரு வரி எழுது. முதலில் பெரியப்பாவுக்குச் சொல்லிவிடு. கோட்டைப் பற்றியும் நீயே சொல்.

சின்னவன் எழுந்து வீட்டை இரண்டாக்கட்டும், நீயும் மாப்பிள்ளையும் நன்றாகத் தூங்குங்கள்.

உன்
அப்பா