கருவியில் பழுதில்லை

அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், பதறாதே.

தினமும் காலையில், நுரையீரலைப் பார்க்கிற கையடக்க ஸ்கேன் கருவி சரியாக இருக்கிறதா என்று என் நெஞ்சில் வைத்துச் சோதித்த பிறகே வைரஸ் நிமோனியா நோயாளிகளிடம் போவேன். திங்களன்று, அவர்களின் நோயுற்ற நுரையீரலில் தெரிகிற அதே வெள்ளைக் கோடுகள் எனக்கும் திரையில் தெரிந்தன! கருவியைத் திட்டினேன். டாக்டர் அதைத் துடைத்துத் தன் நெஞ்சில் வைத்தார். ஒரு கோடும் இல்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு, சிஸ்டர். நீங்க போய்ப் படுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருமல்கூட இல்லையே அம்மா!

இப்போது என் வார்டிலேயே படுத்திருக்கிறேன். தினமும் ஸ்கேன் பார்க்கிறார்கள், கோடுகள் குறைகின்றன. முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு அனுப்பு.

கருவியோடு வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். ஜெல் தடவும்போது, "கொஞ்சம் சில்லுனு இருக்கும், அவ்வளவுதான்" என்று நோயாளிகள் எல்லோரிடமும் சொல்வேன். கொஞ்சமில்லை அம்மா.

உன் மகள்