அந்த ஆளுக்காக

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் உன் அண்ணன் பேச்சை எடுத்தாலே "அடுப்புல பால் இருக்கு அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். நாலு மாதமாக அந்தப் பால் பொங்கவே இல்லை. அதனால்தான் கடிதம்.

முதலில் நல்ல சேதி. உன் அண்ணன் உடம்பில் ஒன்றுமில்லை. போன வாரம் மறுபடியும் பார்த்து உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். இப்போதுதான் எனக்கு வயிறாரச் சாப்பாடு இறங்குகிறது.

அடுத்தது உனக்குக் கஷ்டமாக இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கழுத்துக் கட்டியில் புற்றுநோய் என்று முதலில் வந்த ரிப்போர்ட் அவருடையதே இல்லையாம். அன்றைக்குச் சோதனைக்கு வந்த வேறொருவரின் லேபிளோடு மாறிவிட்டதாம். நீ இங்கே வந்து மூன்று வாரம் ஒருவேளைச் சாப்பாட்டோடு வேண்டிக்கொண்டாயே, அப்போதும் அவருக்கு நோய் இல்லை. இரண்டாவது சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததும் கடவுள் கண் திறந்தார் என்று நீ அழுதாய். அவரோ, "எவனோ செஞ்ச தப்பு சரியானதுக்குக் கடவுளா?" என்று கேட்டு உன்னைப் பெட்டி கட்ட வைத்தார். இதை உன்னிடம் மறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மறைத்தால் உன் நம்பிக்கை அவ்வளவு இளசு என்று நானே முடிவுகட்டியதாகிவிடும்.

கடிதத்தைப் படித்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்ல!" என்று வீட்டைச் சுற்றி வந்தார். உன்னிடம் சொல்லி ஜெயிக்க வேண்டும் என்று போனை எடுத்தார். பாதி நம்பர் அழுத்தியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அப்போ என்னோட பேப்பர் யார் கையில இருக்கு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. முப்பது வருஷமாகக் கடைக்காரர்களின் தராசைப் பழுதுபார்க்கிறவர் அல்லவா, எடை தப்பினால் விற்கிறவன், வாங்குகிறவன் இரண்டு பேரையும் யோசிப்பார். "உனக்கு ஒண்ணுமில்லைனு யாரோ ஒரு ஆளை அனுப்பியிருக்காங்க. அவன் நிம்மதியா வேலைக்குப் போயிட்டிருப்பான்" என்றார். முகம் செத்துவிட்டது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த ஆளுக்கும் கடிதம் போட்டோம் என்றார்கள். கிடைத்ததா என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது, வீடு மாறிப் போய்விட்டார் என்று அது திரும்பி வந்து அவர்கள் மேசையிலேயே கிடந்திருக்கிறது. பெயரைச் சொல்ல முடியாது, விதி இடம் தராது என்றார்கள். பேர் வேண்டாம், ஆளைக் கண்டுபிடியுங்கள் என்று தன் கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாள் ஆஸ்பத்திரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் பிடிவாதத்தால் ஊருக்கு ஒரு நன்மை நடந்தது இதுவே முதல் தடவை.

மூன்றாம் நாள் சாயந்திரம் பழைய வேலையிடத்து நம்பர் மூலம் ஆள் கிடைத்துவிட்டார். நோய் பரவவில்லையாம், இன்னும் காலம் கடந்துவிடவில்லையாம். வரும் பதினெட்டாம் தேதி ஆபரேஷன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

அவர் மாறிவிட்டார் என்று மட்டும் நினைத்துவிடாதே. நீ என்ன சொல்வாய் என்றும் எனக்குத் தெரியும். கடவுள்தான் லேபிளை மாற்றி, உன் அண்ணனை அந்த ஆளைத் தேட வைத்தார் என்பாய். நான் அதை அவரிடம் சொல்லியும் பார்த்தேன். "அவ விடமாட்டாளே, எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்து உக்காந்துக்குவா" என்றார். நாலு மாதம் கழித்து உன்னைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசினார்.

நேற்று நான் இதை எழுத உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "அந்த ஆளுக்காக வேண்டிக்கச் சொல்லு. எனக்கு எப்படி வேண்டினாளோ அதே மாதிரி, குறையில்லாம" என்றார். உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லையே என்றேன். "எனக்கு இல்ல. அந்த ஆளுக்கு இருக்கலாம்ல?" என்றார்.

பதினெட்டாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. வேண்டிக்கொள்கிறேன் என்ற பதிலை எனக்கு எழுதாதே, அம்மா. அவருக்குப் போன் செய்து உன் வாயாலேயே சொல்.

உன் குடும்பம் நிறைவாக இருக்கட்டும்.

உன்மேல் என்றும் அன்புள்ள,
அண்ணி